ஊத்துக்குப் பிக்கப் பொருத்தலாம், துளை மட்டும் கடைசியில்

ஊத் என்பது அரபு, துருக்கி இசையில் மீட்டப்படும், கழுத்து குட்டையான தந்தி வாத்தியம். அதன் அதிர்வை மின்சாரமாக்கி ஆம்ப்புக்கு அனுப்பும் பிக்கப்பைப் பொருத்த நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, "எந்தப் பிக்கப் வாங்கலாம்?" என்றுதான். எதை வேண்டுமானாலும் வாங்குங்கள், கேபிள் செருக வாத்தியத்தில் துளை போடுவதை மட்டும் கடைசிக்குத் தள்ளிப்போடுங்கள் என்பேன். ஒலியைத் தீர்மானிக்கிற விஷயங்கள் மூன்று: பிக்கப் ஒட்டியிருக்கும் இடம், ஒட்டிய விதம், கேபிளின் மறுமுனையில் இருக்கும் கருவி. மூன்றையும் வாத்தியத்தில் ஒரு கீறல்கூட விழாமல் சோதித்துப் பார்க்க முடியும். பார்த்து முடித்தபின் பலருக்குத் துளையே தேவைப்படுவதில்லை.

ஊத்தை வைத்தே எல்லாவற்றையும் சொல்கிறேன். கிதாரில் எளிதாக நடக்கிற சில வேலைகள் இதில் நடக்காது. ஊத்தில் செய்யப் பழகியவருக்கு நைலான் கிதார், சாஸ் என்ற துருக்கித் தந்தி வாத்தியம், மாண்டலின் எல்லாம் அதைவிடச் சுலபம்.

கிதார் வழி ஏன் ஒத்துவராது

கிதார்க்காரர்களுக்குப் பழக்கமான வழிகள் இரண்டு. ஒலித்துளையில் மாட்டும் மேக்னெடிக் பிக்கப் ஒன்று. தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேல் நிற்கும் எலும்புப் பட்டைக்கு, அதாவது சாடிலுக்கு, அடியில் செருகும் பீசோ பட்டை இன்னொன்று.

மேக்னெடிக் பிக்கப் வேலை செய்ய, தந்தியில் இரும்போ நிக்கலோ இருக்க வேண்டும். ஊத்தின் மேல்ஸ்தாயித் தந்திகள் வெறும் நைலான். கீழ்ஸ்தாயித் தந்திகள் மெல்லிய இழைக்கற்றையின் மேல் பொதுவாக வெள்ளி பூசிய செம்புக் கம்பியைச் சுற்றியவை. செம்பை எந்தக் காந்தமும் இழுக்காது. சந்தேகமிருந்தால் சின்னக் காந்தம் ஒன்றைத் தந்தி அருகே கொண்டுபோய்ப் பாருங்கள், அசையவே அசையாது. சாடில் வழியும் அடைபட்டது, ஏனென்றால் ஊத்துக் குதிரையில் சாடிலே கிடையாது. தந்திகள் குதிரையில் உள்ள துளைகளில் நேராகக் கட்டப்பட்டிருக்கும். அடியில் செருக இடமில்லை.

அதனால் மிஞ்சுவது மேற்பலகையின் அதிர்வையே பிடிக்கிற பீசோ வட்டு. சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கிறது என்பதை ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் 1880இல் காட்டினார்கள். இன்று கிடைக்கும் வட்டுகளில் படிகத்துக்குப் பதில் செராமிக் இருக்கிறது. பித்தளைத் தகட்டின் மேல் வெள்ளை நிறச் செராமிக், அதன் மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சு. அவ்வளவுதான் பிக்கப். கடையில் பெரிய பெயரோடு விற்கும் பல ஒட்டுப் பிக்கப்புகளைப் பிரித்தால் உள்ளே இருப்பதும் இதன் உறவினர்தான்.

மைக் வைப்பது இன்னொரு வழி. ஒலி இயல்பாக இருக்கும், ஆனால் தாளக்கருவிகளோடு மேடையில் உட்கார்ந்தால் ஃபீட்பேக், அதாவது ஸ்பீக்கர் ஒலி திரும்ப மைக்கில் புகுந்து கிளம்பும் ஊளை, வந்து உயிரை வாங்கும். ஒலிப்பதிவுக்கு மைக், மேடைக்குப் பீசோ என்று பிரித்துக்கொள்வது நல்லது.

தொடுவதற்கு முன் வாத்தியத்தைப் பாருங்கள்

ஊத்தின் மேற்பலகை பெரும்பாலும் 1.5 முதல் 2 மி.மீ. தடிமன்தான் இருக்கும். அதற்கு அடியில் குறுக்கே பல உள்சட்டங்கள் ஒட்டியிருக்கும். குதிரை வெறும் பசையில் நிற்கிறது, ஒவ்வொரு தந்தியும் சுமார் 3 முதல் 4 கிலோ விசையோடு அதை இழுத்துக்கொண்டே இருக்கிறது. 11 தந்திகளுக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எனவே அழுத்துவது, நெம்புவது எதுவும் இந்தப் பலகைமேல் கூடாது.

பல ஊத்துகளின் மேற்பலகைக்கு வார்னிஷ் கிடையாது, அல்லது பெயருக்கு ஒரு பூச்சு இருக்கும். வெறும் மரத்தின்மேல் ஒட்டுக்களிமண்ணை (சுவரில் தாள் ஒட்ட உதவும் பிசுக்கான களிமண்) நேராக அப்பினால் எண்ணெய்க் கறை நிரந்தரமாகத் தங்கிவிடும். பசை அதிகமுள்ள டேப்பை உரித்தால் மரநாரும் சேர்ந்து வரும். அதனால் வெளியே எதை ஒட்டினாலும், முதலில் பெயின்ட் அடிப்பவர்கள் பயன்படுத்தும் இளம்பசை டேப்பை ஒரு துண்டு ஒட்டி, அதன்மேல்தான் மற்றது. அந்த டேப்பையும் ஓரிரு மணி நேரத்துக்கு மேல் விட்டுவைக்காதீர்கள்.

அப்புறம், ஒலித்துளை. பெரிய துளையில் ஒரு பூவேலைப்பாடு இருக்கும். அது கழன்றுவருமா, பசையில் பிடித்திருக்கிறதா என்று மொபைல் வெளிச்சத்தில் ஓரத்தைப் பாருங்கள். சுற்றிலும் பசைக்கோடு தெரிந்தால் அதை நீங்கள் கழற்ற வேண்டாம். கைவினைஞரிடம் விடுங்கள், அல்லது பிக்கப்பை வெளியிலேயே வைத்துக்கொள்ளும் வழிக்குப் போய்விடுங்கள். வெளியே ஒட்டுவது இரண்டாந்தரம் இல்லை. ஊத்தில் தந்திகள் குதிரையோடு முடிந்துவிடுவதால், குதிரைக்கும் வால்பக்கத்துக்கும் நடுவே பலகை காலியாகக் கிடக்கிறது. வட்டும் ஒயரும் அங்கே யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் உட்காரும்.

இடம் தேடுவது

முழு வேலையில் அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். நிறையப் பேர் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, பிறகு ஈக்வலைசரைத் திருகித் திருகி அலுத்துப்போகிறார்கள்.

ஒயர் ஏற்கெனவே பற்றவைத்த 20 மி.மீ. அல்லது 27 மி.மீ. வட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். குதிரைக்குப் பின்னால், கீழ்ஸ்தாயித் தந்திகள் பக்கமாக, இளம்பசை டேப் போட்டு அதன்மேல் பட்டாணி அளவு ஒட்டுக்களிமண் வைத்து வட்டின் பித்தளைப் பக்கம் மரத்தைப் பார்க்குமாறு ஒட்டுங்கள். களிமண் கடுகளவு தடிமனுக்கு மேல் இருந்தால் மேல்ஸ்தாயி மழுங்கிவிடும். ஆம்ப் வேறு திசையில், வாத்தியத்திலிருந்து தள்ளி இருக்கட்டும். ஹெட்போனில் கேட்பது இன்னும் நல்லது, ஏனென்றால் வாத்தியத்தின் சொந்த ஒலி காதைக் குழப்பாது. முடிந்தால் வேறொருவரை வாசிக்கச் சொல்லி நீங்கள் கேளுங்கள்.

ஒரே ஒரு வரியைத் தேர்ந்துகொண்டு அதையே திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். கீழ்த்தந்தியில் தொடங்கி மேல்த்தந்தியில் முடிகிற ஏதாவது ஒன்று போதும். வட்டை ஒரு விரல் அகலம் நகர்த்துவது, வாசிப்பது, மறுபடி நகர்த்துவது. ஒவ்வோர் இடத்திலும் மொபைலில் பதிவு செய்து, பதிவின் தொடக்கத்தில் இடத்தை வாயால் சொல்லிவிடுங்கள்.

கேட்கும்போது கவனிக்க வேண்டியது "நன்றாக இருக்கிறதா" என்பதை அல்ல. ஏதாவது ஒரு ஸ்வரம் மட்டும் துருத்திக்கொண்டு வருகிறதா, ஏதாவது ஒரு ஜோடித் தந்தி காணாமல் போகிறதா என்பதைக் கவனியுங்கள். மொத்த ஒலி மங்கலா, கூர்மையா என்பதைப் பிறகு ஈக்வலைசரில் சரிசெய்யலாம். ஒரு தந்தி மட்டும் தூங்குவதை எந்தக் குமிழாலும் எழுப்ப முடியாது.

பொதுவாகக் காண்பது இது. குதிரைக்கு மிக அருகே ஒலி கூர்மையாகவும் மிஸ்ராபின் (தந்தியை மீட்டும் வில்லையின்) தட்டல் தூக்கலாகவும் இருக்கும். தள்ளிப் போகப் போக உடல் கூடும், தெளிவு குறையும், ஃபீட்பேக் அபாயமும் ஏறும். உள்சட்டத்துக்கு நேர் மேலே ஒலி வறண்டிருக்கும். சட்டம் எங்கே ஓடுகிறது என்று தெரிய, விரல்நகத்தால் பலகையை மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். சட்டத்தின் மேல் தட்டும் ஒலி சட்டென்று உயர்ந்து இறுகும்.

ஒரே வட்டில் எல்லாத் தந்தியும் சமமாக வந்தால் அதிர்ஷ்டம், அப்படியே விட்டுவிடுங்கள். வராவிட்டால் கீழ்ப்பக்கம் ஒன்று, மேல்பக்கம் ஒன்று என இரண்டு வட்டுகள். மூன்றுக்கு மேல் ஊத்துக்குத் தேவைப்படுவதில்லை. மெல்லிய பலகையில் எடை ஏற ஏற வாத்தியத்தின் குரலே கம்மிப்போகும்.

கேபிளின் மறுமுனை

"பீசோ என்றாலே தகர டப்பா மாதிரிதான் கேட்கும்" என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர், பிக்கப்பைத் தவறான இடத்தில் செருகியவர்கள்.

பீசோ வட்டு மின்சாரக் கண்ணோட்டத்தில் ஒரு சின்ன மின்தேக்கி. 27 மி.மீ. வட்டுக்குச் சுமார் 20 நானோஃபாரட் வரும். அதைச் செருகும் கருவியின் உள்ளீட்டு மின்தடையோடு சேர்ந்து, குறிப்பிட்ட ஒரு அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ளதையெல்லாம் அது வெட்டிவிடுகிறது. மிக்சரின் லைன் உள்ளீடு 10 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் வெட்டு சுமார் 800 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. பரவலான அரபுச் சுருதியமைப்பில் ஊத்தின் மிகக் கீழ்த்தந்தி 65 ஹெர்ட்ஸ், மிக மேல்த்தந்தி திறந்த நிலையில் 262 ஹெர்ட்ஸ். அதாவது எல்லாத் திறந்த தந்திகளின் அடிப்படை ஸ்வரமும் வெட்டுக்குள் விழுந்துவிடுகிறது. காதில் விழுவது மேலே மிதக்கும் நுரை மட்டும். தகர டப்பா இங்கிருந்துதான் வருகிறது.

அதே வட்டை 1 மெகா ஓம் உள்ளீட்டில் செருகினால் வெட்டு 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், முழு ஒலியும் கிடைக்கும். எனவே வாத்திய ஆம்ப்பின் உள்ளீடு, அல்லது 1 மெகா ஓமுக்குக் குறையாத டிஐ பாக்ஸ் (வாத்தியத்தை மிக்சரோடு இணைக்கும் சின்னப் பெட்டி), அல்லது பீசோவுக்கென்றே செய்த ப்ரீஆம்ப் (ஆம்ப்புக்கு முன்பே ஒலியைத் தூக்கிவிடும் கருவி), இவற்றில் ஒன்று கட்டாயம். சாடிலுக்கு அடியில் வைக்கும் மெல்லிய பட்டைகளின் மின்தேக்குத்திறன் இதைவிட மிகக் குறைவு. அவற்றுக்கு 10 மெகா ஓம் கேட்பது அதனால்தான்.

ப்ரீஆம்ப்பை வாத்தியத்துக்கு உள்ளே வைக்காதீர்கள் என்பது என் கருத்து. ஊத்துக்குள் 9 வோல்ட் பேட்டரியை மாற்றுவது பெரும்பாடு, கழன்று உருண்டால் குடத்தின், அதாவது வாத்தியத்தின் உருண்ட முதுகின், உள்பக்கம் அடி வாங்கும். பெல்ட்டில் மாட்டுகிற அல்லது தரையில் வைக்கிற பெட்டி போதும். வாத்தியத்திலிருந்து அதுவரை போகும் கேபிள் மட்டும் குட்டையாக இருக்கட்டும்.

வட்டைத் தயார் செய்வது

ஒயர் இல்லாத வட்டு வாங்கியிருந்தால் சால்டரிங் வேலை இருக்கிறது. மெல்லிய ஷீல்டு கேபிளை எடுத்து, நடுக் கம்பியைச் செராமிக்கின் வெள்ளிப் பூச்சிலும், வெளிப் பின்னலைப் பித்தளை ஓரத்திலும் பற்றவைக்க வேண்டும். பித்தளை எளிது. அந்த ஓரத்தை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துக்கொண்டால் ஈயம் நன்றாகப் பிடிக்கும். வெள்ளிப் பூச்சு முரண்டு பிடிக்கும். கம்பியின் நுனியில் முதலிலேயே ஈயம் ஏற்றிக்கொள்ளுங்கள், பூச்சில் துளி ஃப்ளக்ஸ் (ஈயம் பிடிக்க உதவும் பசை) வையுங்கள், கம்பியை வைத்து அயர்னால் தொட்டு இரண்டு வினாடிக்குள் எடுத்துவிடுங்கள். அதிக நேரம் சுட்டால் வெள்ளி உரிந்துவிடும், செராமிக் தன் குணத்தையும் இழக்கும். நடுவில் பற்றவைக்காமல் ஓரத்துக்கு அருகே பற்றவைத்தால் ஈயக்கட்டி அதிர்வைக் குறைவாகத் தடுக்கும்.

இரண்டு வட்டுகள் என்றால் நடுக்கம்பிகள் ஒன்றாக, பின்னல்கள் ஒன்றாக, அதாவது பேரலலாக. இணைக்கும் முன் ஒரு சின்ன சோதனை அவசியம். மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையைச் செராமிக்கிலும் கறுப்பைப் பித்தளையிலும் வைத்து, வட்டை மேசைமேல் கிடத்தி விரலால் அழுத்துங்கள். எண் ஒரு கணம் கூட்டலிலோ கழித்தலிலோ துள்ளும், விரலை எடுத்தால் எதிர்ப்பக்கம் துள்ளும். அழுத்தும்போது இரண்டு வட்டுகளும் ஒரே பக்கம் துள்ள வேண்டும். ஒன்று எதிராக இருந்தால், சேர்த்தபின் கீழ்ஸ்தாயி ஒன்றையொன்று தின்றுவிடும். அப்படிப்பட்ட வட்டை மாற்றிவிடுவதே சுலபம்.

இனி கவசம். செராமிக் பக்கம் திறந்து கிடந்தால் அது ஒரு ஆன்டெனா; விளக்கு, சார்ஜர் எல்லாவற்றின் இரைச்சலையும் பிடிக்கும். செராமிக்கை மூடி ஒரு சுற்று இன்சுலேஷன் டேப், அதன்மேல் செம்புப் பட்டைத் தாள். தாளின் ஓரத்தைப் பித்தளையோடு ஒரு துளி ஈயத்தில் இணைத்துவிடுங்கள். பித்தளைப் பக்கம் ஏற்கெனவே பூமிக்கம்பியில் இருப்பதால் அந்தப் பக்கத்துக்கு வேறு கவசம் வேண்டாம். முடிந்தபின் நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் நடுவே மின்தடை அளந்து பாருங்கள். மீட்டர் எல்லையில்லை என்று காட்ட வேண்டும். சில ஓம் காட்டினால் செம்புத்தாள் எங்கோ வெள்ளிப் பூச்சைத் தொடுகிறது.

பற்றவைப்பதெல்லாம் மேசைமேல். குடத்துக்குள் சூடான அயர்னை நுழைக்கவே கூடாது. ஒரு துளி ஈயம் பலகையின் உள்பக்கம் விழுந்தால் அந்தக் கரிந்த புள்ளியைப் பார்க்க முடியாது என்றாலும், அது அங்கேதான் இருக்கும்.

ஒட்டுவது

வெளியே ஒட்டுவதானால், நுரை இல்லாத மெல்லிய இருபக்க டேப். நுரை டேப் அதிர்வை விழுங்கிவிடும், அதைத் தொடவே வேண்டாம். வார்னிஷ் இல்லாத பலகை என்றால் இந்த டேப்பையும் நேராக ஒட்டாதீர்கள். வாசிக்கும்போது மட்டும் இளம்பசை டேப்பின்மேல் ஒட்டி, முடிந்ததும் கழற்றிவிடுவது நல்ல பழக்கம்.

உள்ளே ஒட்ட, தந்திகளை எல்லாப் பிருடைகளிலும் கொஞ்சம் கொஞ்சமாக, மாற்றி மாற்றித் தளர்த்துங்கள். ஒரு பக்கத்தை முழுக்கத் தளர்த்திவிட்டு மறுபக்கத்தை இழுவையில் விட்டால் குதிரை கோணலாகச் சுமக்கும். தந்திகள் தொய்ந்ததும் பாதியை இந்தப் பக்கமும் பாதியை அந்தப் பக்கமும் ஒதுக்கினால் ஒலித்துளை திறந்துகொள்ளும். கழன்றுவரும் பூவேலைப்பாட்டை எடுத்துவிட்டு, பலகைமேல் மெத்தென்ற துணி விரித்து, கடிகாரம் மோதிரம் கழற்றிவிட்டுக் கையை விடுங்கள்.

வெளியே கண்டுபிடித்த இடத்தை உள்ளே கண்டுபிடிப்பது எப்படி? இடத்தில் வெளியே ஒரு சிறு காந்தத்தை இளம்பசை டேப்பின்மேல் வைத்தால், உள்ளே நூலில் கட்டிய இன்னொரு சிறு காந்தம் தானாகவே அந்த இடத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். வலுக் குறைந்த காந்தமாக இருக்கட்டும், வலுவானவை நடுவில் இருக்கும் மெல்லிய பலகையை நசுக்கும்.

உள்ளேயும் முதல் சில வாரங்களுக்கு மெல்லிய இருபக்க டேப்பே போதும். இடம் உறுதியானபின் ஜெல் வகை சூப்பர் க்ளூ இரண்டு துளி. ஒலியில் வித்தியாசம் தெரியும். பசை இறுகப் பிடிக்கும்போது மேல்ஸ்தாயி விழித்துக்கொள்ளும். ஆனால் பிறகு கழற்றினால் செராமிக் உடைவது கிட்டத்தட்ட நிச்சயம். அரிய, பழைய வாத்தியத்தில் சூப்பர் க்ளூவை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், டேப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒயரை ஓரமாக ஓட்டி, ஒரு சாண் இடைவெளியில் ஒட்டு கிளிப் வைத்துக் கட்டுங்கள். தொங்கும் ஒயர் குடத்தில் அடித்து 'டர்ர்' என்று கேட்கும்.

துளை

இப்போது கேள்வி: ஜாக், அதாவது கேபிளைச் செருகும் வாய், எங்கே? வெளியே ஒட்டிய வட்டின் ஒயரை வால்பக்கமாக இறக்கி, ஒரு குட்டி ஜாக் பெட்டியில் முடித்து, அதைத் தோள்வாரிலோ இடுப்பிலோ மாட்டிக்கொண்டால் துளை வேண்டாம். மாதம் ஒரு கச்சேரிக்கு இதுவே போதும்.

துளைதான் வேண்டும் என்றால், வால்பக்கத்தில் உள்ளே மரக்கட்டை இருக்கும் இடத்தில் மட்டும். குடத்தின் பட்டைகள் சுமார் 3 மி.மீ. தடிமன்தான், அங்கே ஜாக் வைத்தால் யாராவது கேபிளில் கால் இடறும் நாளில் பட்டை பிளக்கும். கட்டை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை உள்ளே சிறு கண்ணாடியும் விளக்கும் விட்டுப் பார்த்து வெளியே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வாத்தியத்தை மடியில் வைத்து வாசிக்கிற மாதிரி உட்காருங்கள். வலது முன்கை எங்கே படுகிறது, தொடை எங்கே படுகிறது என்று பாருங்கள். நட்டநடுவில் வைத்தால் முன்கை உரசும். கொஞ்சம் கீழே இறக்கி, வளைந்த தலையுள்ள பிளக் பயன்படுத்தினால் தொந்தரவில்லை.

குறித்த இடத்தில் டேப் ஒட்டி, 3 மி.மீ. துளையை வெளியிலிருந்து உள்ளே போடுங்கள். அதன் வழியே வளைந்த கம்பியை விட்டுக் கட்டையின் தடிமனை அளந்து, ஜாக்கின் கழுத்து அந்த நீளத்துக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டாது என்றால் இந்த நிலையில்கூடத் திரும்பிவிடலாம், சின்ன மரஆணியில் துளையை அடைத்துவிட முடியும். எட்டும் என்றால், கூம்பு வடிவ ரீமரைக் கையால் திருகி, ஜாக்கின் அளவுக்கு, வழக்கமாகச் சுமார் 12 மி.மீ. வரை, மெதுவாக அகலப்படுத்துங்கள். பெரிய டிரில் பிட்டை நேராக இறக்கினால் வெளித்தோல் மரம் பிய்ந்து வரும்.

ஜாக்கை உள்ளிருந்து வெளியே கொண்டுவர ஒரு தந்திரம்: துளை வழியே ஒரு பழைய தந்தியை உள்ளே விட்டு ஒலித்துளை வழியே வெளியே எடுங்கள். அதன் நுனியை ஜாக்கின் வாயில் செருகி, நழுவாமல் டேப் சுற்றி, வால்பக்கத்திலிருந்து இழுத்தால் ஜாக் தானாகத் துளையில் வந்து எட்டிப்பார்க்கும்.

பழுது பார்ப்பது

ஒலி வரவில்லை என்றதும் வாத்தியத்தைத் திறக்கக் கூடாது. முதலில் வேறு கேபிள், அப்புறம் வேறு ஆம்ப், ப்ரீஆம்ப் இருந்தால் புது பேட்டரி. பாதிக்கு மேல் இங்கேயே தீர்ந்துவிடும்.

அதற்கும் மசியவில்லை என்றால், மின்தேக்குத்திறன் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் வெளியிலிருந்தே உள்ளே நடப்பதைப் படித்துவிடலாம். உள்ளே ப்ரீஆம்ப் இல்லாத வாத்தியத்துக்கு மட்டும் இது பொருந்தும். கேபிளை வாத்தியத்தில் செருகி, மறுமுனைப் பிளக்கின் நுனியிலும் தண்டிலும் மீட்டரை வையுங்கள். 20 நானோஃபாரட் வட்டுகள் இரண்டு இருந்தால் 40ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். 20 காட்டினால் ஒரு வட்டின் ஒயர் அறுந்திருக்கிறது. ஒரு நானோஃபாரட்கூட வராமல் சில நூறு பிகோஃபாரட் மட்டும் வந்தால் நீங்கள் அளப்பது வெறும் கேபிளை, வட்டு எதுவும் இணைப்பில் இல்லை. இரண்டுக்கும் இடையே விசித்திரமான எண் வந்தால் செராமிக் விரிசல் விட்டிருக்கலாம். மின்தடை அளவில் சில ஓம் காட்டினால் ஷார்ட், பெரும்பாலும் ஜாக்கில் ஒரு பின்னல் மயிர் நடுமுனையைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஒட்டும் முன்பே உங்கள் வட்டுகளின் அளவை எடுத்து ஒரு தாளில் குறித்துவைத்திருந்தால் இந்தச் சோதனை இன்னும் துல்லியமாகும்.

ஒலி விட்டு விட்டு வருவதற்கு முதல் காரணம் ஜாக்கின் நட். அது தளர்ந்தால், கேபிளைச் செருகும் ஒவ்வொரு தடவையும் உள்ளே ஜாக் முழுவதும் சுற்றி, ஒயரை முறுக்கிக் கடைசியில் பற்றவைத்த இடத்தில் பிய்த்துவிடும். நட்டை இறுக்கும்போதும் அதே ஆபத்து. வெளியே நட்டைத் திருகினால் உள்ளே ஜாக் சேர்ந்து சுழலும். அதனால் பிளக் போன்ற ஏதாவதொன்றை ஜாக்கினுள் செருகி அசையாமல் பிடித்துக்கொண்டு, அல்லது ஜாக்கின் தலையில் குறுக்குத் துளை இருந்தால் அதில் ஒரு ஆணியை விட்டுப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். ஏற்கெனவே பிய்ந்துவிட்டால் ஜாக்கை ஒலித்துளை வழியே வெளியே எடுத்து, மேசைமேல் பற்றவையுங்கள். எடுக்கும் முன் அந்தப் பழைய தந்தியைக் கட்டிவிட மறக்க வேண்டாம், திரும்ப இழுக்க அதுதான் வழி.

'ஹம்' இரைச்சலுக்கு ஜாக்கின் உலோகத்தைத் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் குறைந்தால் கவசம் போதவில்லை, செம்புத்தாளின் இணைப்பு விட்டிருக்கும். தொட்டதும் கூடினால் ஜாக்கில் இரண்டு கம்பிகளும் மாறிப்போயிருக்கின்றன.

போன வாரம் நன்றாக இருந்தது, இப்போது மெலிந்து கேட்கிறது என்றால் வட்டு பாதி உரிந்திருக்கும். ஆம்ப்பைக் குறைவாக வைத்து, பலகையை வட்டைச் சுற்றி விரல்நுனியால் தட்டுங்கள். ஒரு பக்கம் தட்டு தெளிவாகவும் மறுபக்கம் மந்தமாகவும் வந்தால் மந்தமான பக்கம் ஒட்டு விட்டிருக்கிறது. பழைய பசையைச் சுரண்டி எடுத்த பின்தான் மறுபடி ஒட்ட வேண்டும். பழைய டேப்பின்மேல் புது டேப் ஒட்டினால் அது நுரை டேப்புக்குச் சமம்.

ஃபீட்பேக் பெரும்பாலும் பிக்கப்பின் பழுது அல்ல. ஸ்பீக்கரை நகர்த்துங்கள், ஒலியலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் ஸ்விட்ச் இருந்தால் தட்டிப் பாருங்கள், ஊளையிடும் அந்த ஒரு அதிர்வெண்ணை மட்டும் ஈக்வலைசரில் குறையுங்கள். ஒலிப்பொறியாளர் வழக்கப்படி 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டிவிட்டால் உங்கள் கீழ்த்தந்தியின் அடித்தளம் போய்விடும். 65 ஹெர்ட்ஸ் வரை வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒலி மாறிக்கொண்டே போனால், மெல்லிய தாள் துண்டு ஒன்றைக் குதிரையின் பின்விளிம்பில், குதிரைக்கும் பலகைக்கும் நடுவே செருகிப் பாருங்கள். தாள் உள்ளே போனால் குதிரை பசை விட ஆரம்பித்திருக்கிறது. இதற்குப் பிக்கப் வேலை எதுவும் உதவாது. அன்றைக்கே எல்லாத் தந்திகளையும் சமமாகத் தளர்த்திவிட்டு, வாத்தியம் செய்பவரிடம் கொண்டுபோங்கள். வட்டு எங்கே, எந்தப் பசையில் ஒட்டியிருக்கிறது என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் குதிரையைச் சூடாக்கிக் கழற்றும்போது அடியில் உங்கள் செராமிக் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.